பஞ்சுமிட்டாய்ச் சாயம் ஒரு தரம் திரும்ப எவ்வளவு நேரம்?

2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டார்களே, நினைவிருக்கிறதா? முதலில் புதுச்சேரியில், சில நாளில் தமிழ்நாட்டிலும். காரணம் ரோடமின் பி என்கிற ரோஸ் நிறச் சாயம். துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயத்தை மிட்டாயில் கலந்திருக்கிறார்கள் என்று சோதனையில் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம் அக்னி தீர்த்தக் கடற்கரையில் கம்பு நிறைய ரோஸ் பைகளைக் கட்டிக்கொண்டு மணியடித்து வருகிறவர்கள் கொஞ்ச நாள் கண்ணிலேயே படவில்லை. செய்தியில் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதன் கூடப்பிறந்த ரோடமின் 6ஜியோடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான்.

ஆய்வுப் படிப்பு முடித்துவிட்டு ஊருக்கு வந்தபோது பாம்பனில் சித்தி கேட்டார். “அம்புட்டு வருசமா என்னத்தப்பா படிச்ச?”

“சாயம் தண்ணிக்குள்ள எப்படிச் சுத்துதுன்னு அளந்தேன் சித்தி.”

“சாயம் வெளுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். சுத்தும்னு இன்னைக்குத்தான் கேக்குறேன்.”

சுத்தும். அதுவும் சும்மா சுத்தாது. அது சுத்துகிற வேகத்தை அளந்தால், பக்கத்தில் இருக்கிற திரவ மூலக்கூறுகள் அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கின்றன என்று தெரியும். சித்திக்கு அன்று சரியாகச் சொல்ல வரவில்லை, அந்தக் கடன்தான் இந்தக் கட்டுரை.

ரோடமின் மூலக்கூறு ஒரு நானோமீட்டர் சொச்சம் நீளம். தண்ணீரில் போட்டால் அதைச் சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள், திருவிழாக் கூட்டத்தில் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி. நாலாபக்கமும் இடி. ஒரு பக்கம் இடி கொஞ்சம் அதிகமானால் இந்தப் பக்கம் திரும்பும், அடுத்த நொடியில் (நொடி என்று பழக்கத்தில் சொல்கிறேன், உண்மையில் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது) அந்தப் பக்கம் திரும்பும். பம்பரம் மாதிரி ஒரே சீராகச் சுழல்வதில்லை. குடித்துவிட்டு வீட்டு வாசலைத் தேடுகிற ஆள் மாதிரி, கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி, கடைசியில் முதலில் எந்தத் திசையைப் பார்த்து நின்றோம் என்பதே மறந்துபோகும். அப்படி மறப்பதற்கு ஆகிற நேரத்தைத்தான் சுழற்சி நேரம் என்கிறோம்.

இந்த நேரம் உருவத்தின் பருமனைப் பொறுத்தது. விட்டம் இரு மடங்கானால் நேரம் எட்டு மடங்காகும். ஒரு மைக்ரான் விட்டமுள்ள உருண்டை தண்ணீரில் தன் திசையை மறக்க ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி எடுக்கும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான 1 நானோமீட்டர் உருண்டைக்கு அதே கணக்கு 100 பிக்கோ வினாடி என்று வரும். பிக்கோ வினாடி என்றால் ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பங்கு போட்டு அதில் ஒன்று. அந்த நேரத்தில் ஒளியே 0.3 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும்.

சரி, கண்ணுக்கே தெரியாத ஒன்று, இவ்வளவு வேகத்தில் திரும்புவதை எப்படி அளப்பது?

பாம்பன் சாலைப் பாலத்தில் நண்பகல் நேரத்தில் நின்று கீழே பார்த்திருப்பீர்கள். கடல் கண்ணாடித் தகடு மாதிரி கூசும், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. என் மச்சான் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போலராய்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் கூச்சம் போய் நீருக்கடியில் பாறையும் பாசியும் தெரிகிறது. தலையைத் தோளோடு சாய்த்துப் பார்த்தால் கூச்சம் திரும்பி வந்துவிடும். ஒளி என்பது ஒரு அதிர்வு. நீரில் பட்டுத் தெறிக்கிற ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும், அந்தக் கண்ணாடி செங்குத்து அதிர்வை மட்டும் உள்ளே விடும். நம் பிளஸ் டூ புத்தகத்தில் இதற்குத் தளவிளைவு என்று பெயர் வைத்துப் படிக்க வைத்திருப்பார்கள், மார்க்குக்காக. சூட்சுமம் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

சாய மூலக்கூறுக்கு ஒரு திசை உண்டு. ரோடமினின் நீளவாக்கில் அதிர்கிற ஒளியை அது விரும்பி விழுங்கும், குறுக்குவாக்கில் அதிர்வதை ஏறெடுத்தும் பார்க்காது. அதனால் செங்குத்தாக அதிர்கிற ஒரு லேசர் துடிப்பைக் கரைசலுக்குள் அனுப்பினால், கோடிக்கணக்கான மூலக்கூறுகளில் அந்த நேரத்தில் ஏறக்குறைய செங்குத்தாக நின்றுகொண்டிருந்தவைதான் அதிகம் விழுங்கியிருக்கும். கூட்டத்தில் நிமிர்ந்து நின்றவர்களுக்கு மட்டும் சட்டையில் ஒரு குறி வைத்த மாதிரி. குறி வாங்கியவை சில நானோ வினாடி (ஒரு நானோ என்றால் ஆயிரம் பிக்கோ) கழித்து, விழுங்கியதைக் கொஞ்சம் நிறம் மாற்றி ஒளியாகத் திரும்பக் கக்கும். இதுதான் ஒளிர்வு, அதாவது ஃபுளோரசன்ஸ். கக்குகிற ஒளியும் அந்த மூலக்கூறு அப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்த வாக்கில்தான் அதிரும்.

இனிக் கணக்கு சுலபம். மூலக்கூறு திரும்பாமல் நின்றிருந்தால் வருகிற ஒளியில் செங்குத்து அதிர்வு மூன்று பங்கு, கிடைமட்டம் ஒரு பங்கு இருக்கும். முழுக்கத் திரும்பித் திசை மறந்துவிட்டால் இரண்டும் சமம். மூன்றுக்கு ஒன்று என்பது ஒன்றுக்கு ஒன்றாகச் சரிகிற வேகம்தான் சுழற்சியின் வேகம். இந்த வித்தியாசத்தை மொத்த ஒளியால் வகுத்து வைத்துக்கொள்வார்கள், தொடக்கத்தில் அது அதிகபட்சம் 0.4, போகப்போகப் பூஜ்யம்.

ஃபெம்டோ வினாடி (பிக்கோவில் ஆயிரத்தில் ஒன்று) லேசர் எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இதைப் பிடித்துவிட்டார்கள். 1920-இல் வைகர்ட் என்கிற ஜெர்மானியர், சாயக் கரைசலின் ஒளிர்வில் தளவிளைவு இருப்பதையும், திரவம் கெட்டியானால் அது கூடுவதையும், சூடானால் குறைவதையும் கண்டார். 1926-இல் பிரான்சின் ஃபிரான்சிஸ் பெரென் அதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். அவருடைய அப்பா ழான் பெரென், பிசின் உருண்டைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அவை இடிபட்டு நகர்வதையும் சுழல்வதையும் அளந்து, அணு என்று ஒன்று இருக்கிறதென்று உலகத்தை நம்பவைத்தவர். அதே 1926-இல் அப்பாவுக்கு நோபல் பரிசு. அப்பா மைக்ரான் உருண்டையின் சுழற்சியைக் கண்ணால் பார்த்தார், பிள்ளை கண்ணால் பார்க்க முடியாத மூலக்கூறின் சுழற்சியைக் கணக்கில் பிடித்தார். எனக்கு இந்தக் குடும்பத்தின் மேல் ஒரு தனிப் பிரியம்.

பிள்ளை பெரெனின் யோசனை எளிமையானது. அவரிடம் வேகமான கடிகாரம் கிடையாது, ஆனால் சாயத்துக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. ரோடமின் 6ஜி ஒளியை விழுங்கினால் சராசரி 4 நானோ வினாடியில் கக்கிவிடும். அந்த 4 நானோ வினாடிக்குள் எவ்வளவு திசை மறந்தது என்று பார்த்தால் சுழற்சி நேரம் வந்துவிடும். தண்ணீரில் அது திசை மறக்க இருநூறு பிக்கோ வினாடிக்குள் போதும், அதாவது கக்குவதற்குள் இருபது தடவைக்கு மேல் மறந்திருக்கும். அதனால் வருகிற ஒளியில் தளவிளைவு ஏறக்குறைய இல்லை. அதே சாயத்தைக் கிளிசரினில் போடுங்கள். கிளிசரின் 25 டிகிரியில் தண்ணீரைவிட ஆயிரம் மடங்கு கெட்டி. அங்கே 4 நானோ வினாடியில் மூலக்கூறு அசைந்தால் பெரிது. மூன்றுக்கு ஒன்று அப்படியே வெளியே வரும். பச்சை லேசர், கிளிசரினில் கரைத்த ரோடமின், வழியில் பச்சையை மறிக்க ஆரஞ்சு வடிகட்டி ஒன்று. போலராய்டைக் கையில் வைத்துத் திருகினால் ஒளி பொங்குவதும் வடிவதும் கண்ணுக்கே தெரியும். தண்ணீர்க் குப்பியில் எத்தனை திருகினாலும் ஒன்றும் ஆகாது. முதல் வருஷ மாணவர்களுக்கு நான் காட்டுகிற முதல் வித்தை இதுதான். லேசர் கண்ணுக்கு ஆபத்து என்பதால் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. 1920-களில் கல்கத்தாவில் சி.வி. ராமன் குழுவினர் திரவங்களில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு மங்கல் வெளிச்சத்தைப் பார்த்தார்கள். முதலில் அது ஏதோ அழுக்கினால் வருகிற ஒளிர்வு என்றுதான் நினைத்தார்கள். பிறகு வெங்கடேஸ்வரன் என்கிறவர் நன்றாகச் சுத்திகரித்த கிளிசரினில் பார்த்தபோது பச்சையாக வந்தது, அதில் தளவிளைவும் பலமாக இருந்தது. அது சாதாரண ஒளிர்வின் குணமாகத் தெரியவில்லை. பல திரவங்களிலும், வாயுவில்கூட, இதே கதை என்று ஆனபோது இது வேறு சங்கதி, பின்னால் ராமன் விளைவு என்று பெயர் வாங்கியது, என்று புரிந்தது. சிதறல் என்பது உடனே நடப்பது, மூலக்கூறு திரும்ப அவகாசம் இல்லை. 1928-இல் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதியதில் தளவிளைவு ஒரு முக்கியச் சாட்சி. கிருஷ்ணன் பிறந்த வத்திராயிருப்பு 1985 வரை எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது, அப்புறம் விருதுநகர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. சொந்தம் கொண்டாட எனக்கு அது போதும்.

பெரென் வழியில் சராசரிதான் கிடைக்கும். மூன்றுக்கு ஒன்று எப்படிச் சரிகிறது, நேராகவா, முதலில் விழுந்து பிறகு மெதுவாகவா என்று தெரியாது. அதைப் பார்க்க மிகக் குறுகிய ஒளித்துடிப்பு வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அந்தத் துடிப்பைக் கொடுத்ததும் இதே சாயங்கள்தான். 1966-இல் அமெரிக்காவில் சொரோகினும் லாங்கார்டும், ஜெர்மனியில் ஷேஃபரும் தனித்தனியாகச் சாயக் கரைசலிலிருந்து லேசரை எடுத்தார்கள். 1970-இல் ரோடமின் 6ஜியை வைத்து இடைவிடாமல் எரிகிற சாய லேசர் வந்தது. 1974-இல் ஷாங்கும் இப்பனும் அதை ஒரு பிக்கோ வினாடிக்கும் கீழே கொண்டுவந்தார்கள், 1981-இல் ஃபோர்க், கிரீன், ஷாங்க் மூவரும் நூறு ஃபெம்டோ வினாடியையும் தாண்டிக் கீழே. சாயத்தின் ஆட்டத்தைச் சாயமே கொடுத்த ஒளியால் அளந்த காலம் அது. சுவாங்கும் ஐசென்தாலும் 1971-இலேயே பிக்கோ வினாடித் துடிப்புகளை வைத்து ரோடமின் 6ஜி திரும்புவதை அளந்துவிட்டார்கள். பிறகு டைட்டானியம்-சஃபையர் என்கிற படிக லேசர் வந்து சாய லேசரை ஓரங்கட்டிவிட்டது. பழைய ஆள்களுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. எத்திலீன் கிளைக்காலில் கரைத்த சாயத்தைப் பம்பு வைத்து மெல்லிய தகடாகப் பீய்ச்சி அடிக்கிற ஏற்பாடு அது. குழாய் ஒன்று கழன்றால் தரை, சுவர், சட்டை, நகக்கண் எல்லாம் ரோஸ். பஞ்சுமிட்டாய்க்காரர் தோற்றுப்போவார்.

இப்போது இரண்டு வழி. ஒன்று, ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுவது. துடிப்பு போனதிலிருந்து ஒரு துகள் வந்து சேர எவ்வளவு நேரம் என்று குறித்து, லட்சக்கணக்கில் குறித்து, வரைபடமாக்குவது. சில பத்துப் பிக்கோ வினாடி வரைக்கும் இதில் தெளிவு கிடைக்கும். பெரிய சாயம், கெட்டித் திரவம் என்றால் இது தாராளம். நம் ஊரிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் தேசிய அதிவேக நிகழ்வுகள் மையம் இருக்கிறது, இந்த மாதிரி வேலைக்கென்றே.

சின்னச் சாயம், நீர்த்த திரவம் என்றால் அது போதாது. கூமரின் 153 மாதிரி ஒன்று அசிட்டோநைட்ரைலில் இருபது பிக்கோ வினாடி அளவிலேயே திசையை மறந்துவிடும். அங்கே எண்ணுகிற கருவியே அதைவிட மந்தம். அப்போது இரண்டாவது வழி, 1975-இல் மாரும் ஹிர்ஷும் காட்டியது. சாயத்திலிருந்து வருகிற ஒளியையும் இன்னொரு ஃபெம்டோ வினாடித் துடிப்பையும் ஒரே படிகத்தில் சந்திக்க விடுவது. இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தால் மட்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு புற ஊதா ஒளி பிறக்கும். 520 நானோமீட்டரும் 800 நானோமீட்டரும் சேர்ந்தால் 315. அந்த 315 கொஞ்சமே கொஞ்சம் வரும், அதை எண்ணினால் அந்த ஒரு கணத்தில் சாயம் எவ்வளவு ஒளி கக்கியது என்று தெரியும். இரண்டாவது துடிப்பின் வழியில் ஒரு கண்ணாடியைத் தள்ளித் தள்ளி வைத்தால் அடுத்தடுத்த கணங்கள். கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒளி போய்த் திரும்புகிற வழி 0.3 மில்லிமீட்டர் கூடும், 1 பிக்கோ வினாடி தாமதம். நேரத்தை ஸ்கேலால் அளக்கிற வேலை என்று சித்தியிடம் சொன்னதில் இது மட்டும் அவருக்குப் பிடித்தது.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. செய்யும்போது ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டறையில் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். துடிப்பே 30 மைக்ரான் நீளம்தான், மயிரிழையைவிட மெல்லிசு. இரண்டையும் படிகத்துக்குள் ஒரே புள்ளியில் ஒரே கணத்தில் சந்திக்க வைப்பது, கலங்கரை விளக்கமும் இல்லாத இருட்டில் இரண்டு வள்ளத்தை மூக்கோடு மூக்கு முட்ட வைப்பது மாதிரி. ஏசி நின்று அறை இரண்டு டிகிரி சூடானால் மேசை விரிந்து எல்லாம் விலகிவிடும், மறுபடி முதலிலிருந்து. இதில் 54.7 டிகிரி என்று ஒரு மாயக் கோணம் உண்டு. வாங்குகிற ஒளியைச் செங்குத்திலிருந்து அந்தக் கோணத்தில் வாங்கினால் சுழற்சியின் தாக்கம் துல்லியமாக அடிபட்டுப்போய், விழுங்கிய ஒளியைக் கக்கும் வரை ஆகிற ஆயுட்காலம் மட்டும் கிடைக்கும். அதைத் தனியாக எடுத்துச் சரிபார்க்காமல் செங்குத்தையும் கிடைமட்டத்தையும் மட்டும் நம்பி முடிவு சொல்கிற ஆய்வுகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

இனி முக்கியமான சங்கதி. சுழற்சி நேரத்துக்கு எல்லாரும் முதலில் எடுக்கிற சூத்திரம் ஸ்டோக்ஸ், ஐன்ஸ்டைன், டிபை மூவர் பெயரிலும் இருக்கிறது. திரவத்தின் பாகுநிலையை (அது எவ்வளவு கெட்டி என்கிற அளவை) மூலக்கூறின் கனஅளவால் பெருக்கி வெப்ப ஆற்றலால் வகுத்தால் நேரம். பாகுநிலை கூடினால் நேரம் கூடும், அவ்வளவுதான். ஆல்கஹால்களில் மெத்தனாலிலிருந்து ஒவ்வொன்றாக மேலே போனால் ரோடமின் 6ஜி இந்தச் சூத்திரத்துக்குப் பெரும்பாலும் அடங்கி நடக்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லாச் சாயமும் அப்படித்தான் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம்.

நானும் மாட்டிக்கொண்டேன், வேறு விதத்தில். ஒரு தடவை கிளிசரின் புட்டியின் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டுவிட்டேன். கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலே பாகுநிலை தடதடவென்று இறங்கிவிடும். போதாததற்கு வெப்பத்துக்கும் அது பயங்கர ரோஷம், 20 டிகிரியிலிருந்து 25-க்குப் போனாலே மூன்றில் ஒரு பங்கு காலி. ஒரு வாரம் எடுத்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. புதுக் கண்டுபிடிப்பு என்று இரண்டு நாள் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன். மூடிதான் காரணம் என்று தெரிந்த அன்று யாரிடமும் பேசவில்லை.

உண்மையான சிக்கல் எதுவென்றால், அந்தச் சூத்திரம் திரவத்தைத் தொடர்ச்சியான ஒரே குழம்பாகப் பாவிக்கிறது. மூலக்கூறின் பருமனுக்குத் திரவம் குழம்பு கிடையாது. பக்கத்து மூலக்கூறுகளும் ஏறக்குறைய இதே பருமனுள்ள தனித்தனி ஆள்கள். அவை சாயத்தை ஒட்டிக்கொண்டு கூடவே திரும்புமா, வழுக்கிவிட்டு நிற்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒட்டுவது ஒரு எல்லை, வழுக்குவது மறு எல்லை.

மண்டபம் பக்கம் பாசி வளர்க்கிற மூங்கில் தெப்பத்தைப் பாருங்கள், 12-க்கு 12 அடிச் சதுரம். கப்பாஃபைகஸ் என்கிற பாசி, பெப்சி கம்பெனி கொண்டுவந்ததால் ஊரில் பெப்சி பாசி என்றே பெயர் நிலைத்துவிட்டது. தண்ணீரில் ஒரு உருண்டை மிதவையைக் கையால் சுழற்றினால் வழுவழுவென்று சுற்றும், தண்ணீரைத் தள்ள வேண்டிய வேலையே இல்லை. தெப்பத்தைத் திருப்பினால் நான்கு மூலையும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதே தெப்பத்தில் பாசி கட்டிக் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் உள்ளே இருக்கிற தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் திரும்பும். முதலாவது, வழுக்கல் கணக்கில் உருண்டைக்கு வருகிற நிலை, உராய்வே கிடையாது. இரண்டாவது, வழுக்கினாலும் வடிவத்தினால் வருகிற தடை. ஹூவும் ஸ்வான்சிகும் 1974-இல் கணக்குப் போட்டுக் கொடுத்தது இதைத்தான், அரிசி மாதிரி நீண்டதற்கும் அப்பளம் மாதிரி தட்டையானதற்கும். மூன்றாவது, ஒட்டல். பென்சீன் மாதிரி மின்னூட்டமில்லாத சின்ன மூலக்கூறுகள் பெரும்பாலும் வழுக்கும். ரோடமின் 6ஜி மாதிரி பெரிதாகவும் மின்னூட்டத்தோடும் இருப்பவை ஒட்டல் கணக்குக்குப் பக்கத்தில் வரும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை 1990-களின் இறுதியில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் செய்தது. பைரோலோபைரோல் என்று ஒரு குடும்பம், சிவப்புக் கார் பெயின்ட்டுக்குப் போகிற நிறமி இந்த வீட்டுப் பிள்ளைதான். அதில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு மூலக்கூறை எடுத்தார்கள். ஒன்றில் இரண்டு நைட்ரஜனிலும் ஹைட்ரஜன். மற்றொன்றில் அந்த ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் மெத்தில் தொகுதி, அதனால் அது கொஞ்சம் பெரிது. சூத்திரப்படி பெரியதுதான் மெதுவாகத் திரும்ப வேண்டும். ஆல்கஹாலில் போட்டு அளந்தால் சின்னதுதான் மெதுவாகத் திரும்புகிறது! ஹைட்ரஜன் இருப்பது ஆல்கஹாலோடு கைகோத்துக்கொள்கிறது, பாசி கட்டிய தெப்பம் மாதிரி அக்கம்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கிறது. மெத்தில் உள்ளதற்குக் கை கிடையாது, வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஒரே திரவம், ஒரே பாகுநிலை. சாயத்துக்குப் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கிற பாகுநிலை எண்ணைப் பற்றிக் கவலையில்லை, பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்திருக்கிறாரா என்பதுதான் கவலை.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. நீயும் ஸ்வான்சிகும் 1970-இல் இன்னொரு உராய்வைச் சொன்னார்கள். மின்முனைகள் உள்ள சாயம் சுற்றியிருக்கிற முனைவுள்ள திரவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கும். சாயம் திரும்பினால் அவை உடனே திரும்பாது, பின்தங்கி இழுக்கும். இதை மின்கடத்தாப் பொருள் உராய்வு என்பார்கள், பெயரே உராய்கிறது. இருபது முப்பது வருஷம் இதைப் பற்றிச் சண்டை. அளந்த நேரம் கணக்கைவிட அதிகமாக இருந்தால் ஒரு கூட்டம் இந்த உராய்வு என்கும், இன்னொரு கூட்டம் ஹைட்ரஜன் பிணைப்பு, அதாவது மேலே சொன்ன கைகோப்பு, என்கும். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுவது ஒரு கணக்கு வசதி, திரவத்துக்குள் அப்படிப் பாகப்பிரிவினை கிடையாது என்பது என் கட்சி. கையைப் பிடிப்பதும் மின்விசையால்தானே?

முதல் சில நூறு ஃபெம்டோ வினாடியில் இன்னொரு நாடகம். மோதல் நடப்பதற்கு முன் மூலக்கூறு கொஞ்சம் தன்போக்கில் ஆடும், வரைபடத்தின் தலையில் ஒரு சின்னச் சரிவாக அது தெரியும். அந்தச் சமயத்தில் சுற்றத்தார் சும்மா இருப்பதில்லை. 1994-இல் ஃப்ளெமிங்கும் மாரொன்செல்லியும் மற்றவர்களும் ஒரு கூமரின் சாயத்தைத் தண்ணீரில் வைத்து அளந்தபோது, ஒளியை விழுங்கி முனைமாறிய சாயத்துக்கு ஏற்றபடி தண்ணீர் தன்னைச் சரிசெய்துகொள்வதில் பாதிக்கு மேல் 55 ஃபெம்டோ வினாடிக்குள் முடிந்துவிடுவதைக் கண்டார்கள். சாயம் இன்னும் திரும்பவே தொடங்கியிருக்காது.

இதனால் என்ன பிரயோஜனம் என்று மச்சான் கேட்டார். இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க இதே தந்திரத்தைப் பல வருஷமாகப் பயன்படுத்துகிறார்கள். வலிப்பு மருந்து ஒன்றில் ஒளிரும் சாயத்தை ஒட்டி, அந்த மருந்தைப் பிடிக்கிற எதிர்ப்பொருளோடு கலந்தால், பிடிபட்ட சாயம் பெரிய புரதத்தோடு சேர்ந்து மந்தமாகத் திரும்பும், தளவிளைவு தங்கும். நோயாளியின் இரத்தத்தில் மருந்து நிறைய இருந்தால் அது போட்டிக்கு வந்து சாயத்தைத் தள்ளிவிடும், விடுபட்ட சாயம் வேகமாகத் திரும்பும், தளவிளைவு குறையும். கிரெகோரியோ வெபர் என்கிறவர் 1952-இல் புரதங்களில் சாயம் ஒட்டித் தளவிளைவை அளந்து இந்த வழிக்குப் பாதை போட்டார். செல் சவ்வு எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்ப்பதும் இந்த முறையில்தான்.

மச்சானுக்கு அது போதும். சித்திக்கு என்ன சொல்வது? அவர் ஒரு நாள் கஞ்சிப்பாசி காய்ச்சிக்கொண்டிருந்தார். பெயரே கஞ்சிப்பாசி, அலசி, வெயிலில் வெளுத்து, வேகவைத்து வடிகட்டினால் ஆறியதும் உறைந்துவிடும். அகார் என்று உலகம் வாங்குவதை நம் பக்கம் இதிலிருந்தும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும்தான் எடுக்கிறார்கள். உறைந்த கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார், விழவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

“சித்தி, இந்தக் கட்டிக்குள்ள நம்ம சாயத்தப் போட்டா சுத்துமா?”

“எப்படிச் சுத்தும்? கல்லா உறைஞ்சிருக்கே.”

சுத்தும். தண்ணீரில் சுத்துகிற வேகத்திலேயே ஏறக்குறைய சுத்தும். நூற்றுக்கு ஒரு பங்கு அகாரோஸ் (அகாரில் உறையவைக்கிற பொருள்), மற்றது தண்ணீர். அந்த ஒரு பங்கு வலை பின்னிக்கொண்டு கிண்ணத்தைக் கெட்டியாக வைத்திருக்கிறது, ஆனால் வலையின் கண் நூறு நானோமீட்டருக்கு மேல். ஒரு நானோமீட்டர்ச் சாயத்துக்கு அது நண்டு வலைக்குள் நெத்திலி. அதன் பக்கத்தில் இருப்பதெல்லாம் வெறும் தண்ணீர். விரலுக்கு அது திடம், சாயத்துக்குத் திரவம்.

“அப்ப எதைப் போட்டா அது சுத்தாம நிக்கும்?”

“கருப்பட்டிப் பாகு.”

அவர் எப்படியும் அதில் பனங்கருப்பட்டி கரைத்துத்தான் ஊற்றப்போகிறார். பாகுநிலை என்கிற சொல்லில் இருக்கிற பாகும் அதுதான். நூற்றுக்கு நாற்பது பங்கு சர்க்கரை கரைந்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிட ஆறு மடங்கு பாகு, அறுபது பங்கு என்றால் ஐம்பது மடங்குக்கு மேல். கையால் தொட்டால் உறைந்த கட்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது, உள்ளே இருக்கிற சாயம் மட்டும் பக்கத்தில் இருப்பது மாறியதை உடனே உணர்ந்து மந்தமாகிவிடும். கருவியில் வைத்து அளந்து பார்க்க வேண்டுமென்றால் வெள்ளைச் சீனிதான் எடுக்க வேண்டும். கருப்பட்டியின் பழுப்பு நிறமே நீல ஒளி பட்டால் தானும் மங்கலாக ஒளிர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும்.